சி.டி. ஸ்கேனும் தாலியும்: கழற்றினால் தோஷமா?

சி.டி. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பு உடம்பில் உள்ள உலோகங்களை அகற்றிவிடச் சொல்வார்கள். வளையலும் மோதிரமும் தோடும் மறுபேச்சில்லாமல் கைப்பைக்குள் போய்விடும். தாலிக்கு வரும்போதுதான் கை தயங்கும். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், ஸ்கேன் அறை வாசலில் அன்றாடம் எழும் தயக்கம் இது. "ஆண்ட்டி, ரந்தாய் புக்கா யா" என்று, சங்கிலியைக் கழற்றும்படி கனிவாகக் கேட்கும் மலாய் ஊழியருக்கு அந்தக் கழுத்தில் கிடப்பது ஒரு சங்கிலி. கட்டிய நாள் முதல் அதைப் பிரியாத அம்மாவுக்கோ அது கணவரின் ஆயுள். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று மகள் சொல்கிறாள். அம்மாவின் விரல் கொக்கியைத் தொட்டபடியே நிற்கிறது.

ஒரு மணி நேரம் தாலி கழுத்தில் இல்லாவிட்டால் தோஷம் உண்டா என்பதுதான் கேள்வி. இதற்காக ஸ்கேனையே தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றி எடுத்துவிட்டு, பிறகு வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தன்னால்தான் என்று உள்ளுக்குள் புழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மூடநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடக் கூடிய கேள்வியன்று இது. இயந்திரம் ஏன் தங்கத்தை வேண்டாம் என்கிறது, மரபு தாலியைப் பற்றி உண்மையில் என்ன சொல்லியிருக்கிறது என்ற இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

சி.டி. இயந்திரம் எக்ஸ்-கதிரால் வேலை செய்கிறது. வளையம் போன்ற கூட்டுக்குள் கதிர்க்குழாய் ஒரு பக்கமும் உணர்விகள் எதிர்ப்பக்கமுமாக உடம்பைச் சுற்றிச் சுழல்கின்றன. பல நூறு கோணங்களில் எவ்வளவு கதிர் உடம்பைக் கடந்து வந்தது என்பதை அளந்து, அந்த அளவுகளிலிருந்து கணினி குறுக்குவெட்டுப் படங்களை உருவாக்குகிறது. முதல் நோயாளிக்கு இப்படிப் படம் எடுத்தது 1971இல், லண்டன் விம்பிள்டனில். கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால்தான் இன்றும் திசுக்களின் அடர்த்தி குறிக்கப்படுகிறது: தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கெட்டியான எலும்புக்கு ஏறத்தாழ 1000. தங்கம் இந்த அளவுகோலையே தாண்டிவிடும். மலேசிய நகைக்கடைகளில் 916 என்று விற்கும் தங்கத்தில் நூற்றுக்கு 91.6 பங்கு சுத்தத் தங்கம். கதிர் அதைக் கடந்து மறுபக்கம் போவதே அரிது. கடந்து வராத கதிரைக் கொண்டு கணக்குப் போடும் கணினி, தாலியைச் சுற்றிலும் கருப்பும் வெளுப்புமாகக் கீற்றுகளை வரைந்துவிடுகிறது. நுரையீரலில் கால் அங்குலக் கட்டி ஒன்று இருந்து, அது அந்தக் கீற்றின் கீழ் மறைந்தால் மருத்துவர் கண்ணில் படாது. இவ்வளவுதான் காரணம். இயந்திரம் நகையை இழுக்காது, சூடாக்காது, நகையில் கதிர் தங்கவும் செய்யாது. இழுப்பதும் சூடேறுவதும் எம்.ஆர்.ஐ. தொடர்பான கவலைகள். அது காந்தத்தால் இயங்கும் வேறு கருவி. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வீண் பயம் கூடுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. படம் எடுக்கும் பகுதிக்குள் வராத உலோகத்தால் கெடுதல் இல்லை. தலைக்கு மட்டும் ஸ்கேன் என்றால் தோடும் மூக்குத்தியும் கொண்டை ஊசியும் கழற்றக்கூடிய செயற்கைப் பல்லும் போக வேண்டும். மார்பில் கிடக்கும் தாலி பெரும்பாலும் இடைஞ்சல் செய்யாது. வயிற்றுக்கு என்றால் கொடியைக் கழுத்துப் பக்கமாக ஏற்றிவைத்தாலே சில வேளைகளில் போதும். மார்புக்கும் கழுத்துக்கும் இதயத்துக்கும் எடுக்கும்போதுதான் வேறு வழியில்லை. எனவே ரேடியோகிராஃபரிடம் எந்தப் பகுதி என்று கேட்பது தவறில்லை, கேட்கவும் வேண்டும். சாலை விபத்தில் சிக்கி மயக்கமாக வரும் ஒருவருக்கு நகையைக் கழற்ற நேரம் பார்க்க மாட்டார்கள். அப்படியே எடுத்துவிடுவார்கள், கீற்று விழுந்தாலும் சரி என்று.

இனி மரபு. தாலியைக் கழற்ற அஞ்சுவதற்கு வலுவான காரணம் உண்டு. தமிழர் வாழ்க்கையில் தாலி பலர் பார்க்க, மீண்டும் கட்டப்படாமல் எடுக்கப்படும் சடங்கு கைம்மைச் சடங்கு ஒன்றுதான். அந்தச் செயலையே உயிரோடிருக்கும் கணவர் பக்கத்தில் நிற்கும்போது செய்யச் சொன்னால் மனம் நடுங்கத்தான் செய்யும். ஆனால் செயல் ஒன்றுபோலத் தோன்றுவதாலேயே பொருளும் ஒன்றாகிவிடுமா? சடங்கில் சங்கல்பம் என்ற மன உறுதிதான் செயலுக்குப் பொருள் தருகிறது. குளிப்பதும் தீர்த்தமாடுவதும் தண்ணீரில் முங்குவதுதான். சங்கல்பமே இரண்டையும் வேறாக்குகிறது. சிகிச்சைக்காக எடுத்து வைப்பதில் துறக்கும் எண்ணமே இல்லை.

நூல்களைப் பார்த்தால் வியப்பான செய்தி கிடைக்கிறது. திருமண விதிகளைச் சொல்லும் கிருகிய சூத்திரங்களில் மணத்தை நிறைவு செய்வது கைப்பிடிப்பதும் தீவலம் வருவதும் ஏழடி நடப்பதுமே. இன்று நாம் காணும் தாலி கட்டுதல் அவற்றில் மையச் சடங்கன்று. கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் போன்ற வைணவத் தலங்களில் போற்றப்படும் ஆண்டாளின் வாரணமாயிரத்திலும் காப்புக் கட்டுவதும் கைத்தலம் பற்றுவதும் அம்மி மிதிப்பதும் பொரியிடுவதும் உண்டு, தாலி இல்லை. சங்க இலக்கியத்தில் அகநானூற்றின் 86ஆம் பாடல் ஒரு திருமணத்தைப் பந்தல் முதல் படிப்படியாகக் காட்டுகிறது. அதிலும் தாலி இல்லை. 136ஆம் பாடலில் மணமகளுக்கு வெண்ணிற நூல் ஒன்று சூட்டப்படுகிறது. அது தாலியின் முன்னோடியா இல்லையா என்று அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். முன்னோடியே என்று வைத்துக்கொண்டாலும் அது நூல், பொன் அன்று. கழுத்தில் மஞ்சள் கயிறாக இருந்தது பிறகு வசதி வந்தபோது தங்கக் கொடியாயிற்று. புனிதம் பொன்னின் எடையில் வந்ததாக எந்தப் பெரியவரும் சொன்னதில்லை.

பொன் எப்போதும் கழுத்திலேயே கிடக்க வேண்டும் என்ற விதியும் எல்லாத் தமிழருக்கும் பொதுவானதன்று. வட்டித்தொழில் செய்ய மலாயா வந்த நகரத்தார், கழுத்திரு என்ற தங்கள் பெரிய திருமாங்கல்யத்தைத் திருமணத்தன்றும் அறுபதாம் கல்யாணம் போன்ற விசேஷங்களிலும் அணிந்துவிட்டுப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். அதனால் அவர்கள் குடும்பங்களில் மாங்கல்ய பலம் குறைந்ததாக யாரும் கருதுவதில்லை. ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழரிடையே கனமான தாலிக்கொடி வழக்கம். அத்தனை பவுனையும் அன்றாடம் அணிய முடியாமல் மெல்லிய கொடிக்கு மாறியவர்கள் பலர். தமிழ்க் கத்தோலிக்கர்களும் தாலி கட்டுகிறார்கள். சிலுவையோ புறாவோ பொறித்த அந்தத் தாலிக்கும் இதே தயக்கம் உண்டு. சட்டத்தைக் கேட்டால் அதன் பதில் வேறு. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி முஸ்லிமல்லாதார் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். ஆனால் சட்டம் கேட்பது திருமணம் உண்டா என்பதை. அம்மா கேட்பது வேறு, அதற்குச் சட்டம் பதில் தராது.

அவர் கேள்விக்குப் பதில் அவர் வீட்டு வழக்கத்திலேயே இருக்கிறது. திருமணமான சில மாதத்தில் தாலி பிரித்துக் கட்டுகிறார்கள். ஆடிப்பெருக்கில் பழைய மஞ்சள் கயிற்றை மாற்றுகிறார்கள். அப்போது கயிறு கழுத்தை விட்டு இறங்கத்தான் செய்கிறது. அதற்குப் பெரியவர்கள் வைத்த முறை ஒன்றுதான்: புதியதைக் கட்டிய பிறகே பழையதை எடுப்பது. ஸ்கேனுக்கும் இதுவே போதும். முந்தின நாள் மாலையோ அன்று காலையோ சாமி படத்துக்கு முன் அமர்ந்து, விரலி மஞ்சளை மஞ்சள் நூலில் முடிந்து கழுத்தில் கட்டிக்கொள்ளலாம். கணவர் கையால் கட்டினால் மனம் இன்னும் நிறையும். அதன் பிறகு பொன் தாலியை எடுத்துச் சாமி அறையில் வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படலாம். ஸ்கேன் அறை வாசலில் அவசர அவசரமாகக் கழற்றும் வேதனையும், நகை தொலையுமோ என்ற பயமும் இராது. பருத்தி நூலும் மஞ்சளும் கதிருக்கு ஏறக்குறைய உடம்பின் மென்திசு போலத்தான்; கீற்று விழாது. ஆனால் இரண்டு கவனம் தேவை. நூலில் பொன் குண்டோ காசோ கோத்திருக்கக் கூடாது. மஞ்சள் துண்டு கழுத்தில் இருப்பதை ரேடியோகிராஃபரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; தோலின் மேல் தெரியும் நிழல் என்னவென்று பிறகு யாரும் குழம்பக் கூடாது. ஸ்கேன் முடிந்து வீடு திரும்பியதும் குளித்து, நல்ல வேளை பார்த்துப் பொன்னை மீண்டும் அணிந்துகொள்ளலாம்.

மற்ற புனிதப் பொருள்களுக்கும் இதே அளவுகோல்தான். பூணூல், தைப்பூசத்துக்கோ தீமிதிக்கோ கட்டிய காப்பு நூல், கோயில் கயிறு, கறுப்பு அரைஞாண் ஆகியவை நூலாக இருக்கும் வரை இடைஞ்சல் இல்லை. விரதம் முடியுமுன் காப்பை அறுக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெள்ளி அரைஞாண், செம்பிலோ வெள்ளியிலோ செய்த தாயத்து இரண்டும் வயிற்று ஸ்கேனில் நேராகக் குறுக்கே வரும். உருத்திராக்கம் கொட்டைதான், ஆனால் அதற்குக் கட்டிய பொன் பூண் உலோகம். கால் மெட்டி கால் ஸ்கேனுக்கு மட்டுமே தடை. மார்பும் வயிறும் எடுக்கும்போது கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வதால் வளையல் படத்துக்குள் வராது என்றாலும், ஊசி போடும் கையில் இருந்தால் தொந்தரவு.

அடுத்தது விரதம். படம் தெளிவாகத் தெரிவதற்காக இரத்தக் குழாயில் சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேனுக்குப் பல மருத்துவமனைகள் நான்கு முதல் ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்கின்றன. இன்றைய சாயங்களுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்று ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்லத் தொடங்கிவிட்டன. ஆனாலும் கையில் கொடுத்த தாளில் உள்ளதையே பின்பற்ற வேண்டும். தண்ணீருக்குப் பொதுவாகத் தடை இல்லை. சிக்கல் வருவது தண்ணீரும் அருந்தாத விரதத்தில்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில் அடியார்களில் கந்த சஷ்டி ஆறு நாளும் கடுமையாக இருப்பவர்கள் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கிள்ளான் பெருமாள் கோயிலுக்கு வரும் கூட்டத்திலும் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்கள் உண்டு. சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. நீர்ச்சத்து வற்றிய உடம்பில், அதிலும் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவரிடம், அது தீங்கு செய்யக் கூடும். மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட மிகுதி என்பதால் இதை அலட்சியமாக விட முடியாது. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்திருந்தால், சாயம் ஏற்றிய பின் 48 மணி நேரம் அதை நிறுத்தி வைக்கும்படி மருத்துவர் சொல்வார். சாப்பாடு இல்லாமல் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்து மயங்குவதும் பெரிய ஆபத்து.

சமயம் இங்கே மருத்துவத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. விரதத்தைக் குலைக்காதவை என்று எட்டினைத் தர்ம நூல்கள் எண்ணிச் சொல்கின்றன. தண்ணீர், பழம், பால், மருந்து, குருவின் சொல் எல்லாம் அந்த எட்டில் அடக்கம். நோயாளியும் கர்ப்பிணியும் முதியவரும் குழந்தையும் கடும் விரதத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள் என்பதும் பழைய வழக்கம். ஆகவே சஷ்டிக்கு நடுவில் ஸ்கேன் வந்தால் தண்ணீர் குடித்ததால் விரதம் முறிந்ததாக எண்ண வேண்டியதில்லை. தைப்பூச விரதத்தில் இருப்பவர், சாயத்தில் மிருகப் பொருள் கலந்திருக்குமோ என்று தயங்குவதும் உண்டு. இரத்தக் குழாயில் ஏற்றும் சாயம் அயோடின் பிணைத்துச் செயற்கையாகத் தயாரிக்கும் இரசாயனம், உயிரினத்திலிருந்து எடுப்பதன்று. இறாலும் நண்டும் ஒவ்வாதவருக்கு இதுவும் ஒவ்வாது என்ற பேச்சிலும் உண்மை இல்லை. ஆனால் முன்பு எப்போதாவது இதே சாயம் ஏற்றி உடம்பு தடித்தோ மூச்சு முட்டியோ இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பெண்களிடம் கர்ப்பமா, கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்பார்கள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது இதற்கு உண்மை வராமல் போகலாம். உடன் வருபவர்கள் அந்த ஒரு நிமிடம் விலகி நிற்பதே நாகரிகம். கதிர் அளவும் அறிந்திருக்க வேண்டியதுதான். வயிற்று ஸ்கேன் ஒன்றில் கிடைக்கும் கதிர், இயற்கையிலிருந்து மூன்று நான்கு ஆண்டுகளில் ஒருவர் பெறும் அளவுக்குச் சமம். தேவை இருக்கும்போது இது பொறுக்கத் தக்கது, பொழுதுபோக்காக எடுத்துப் பார்ப்பதற்கு உரியதன்று.

அறைக்குள் நடப்பது குறைவு. கையில் ஊசிக்குழாய் போட்டு மேசையில் படுக்க வைப்பார்கள். வளையம் இரு பக்கமும் திறந்தது. குகைக்குள் போவது போன்ற அடைப்பு இராது. ரேடியோகிராஃபர் கண்ணாடிக்கு அப்பால் இருந்து பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பார். சாயம் ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டதுபோல ஓர் உணர்வு வரும். உண்மையில் போயிராது. முதல் முறை எடுப்பவர்கள், அதுவும் தாலியைக் கழற்றிய கலக்கத்தில் இருப்பவர்கள், இந்தச் சூட்டைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டு பதறுவதுண்டு; முன்பே சொல்லி வைத்தால் பதற்றம் இராது. "தாரிக் நாஃபாஸ், தாஹான்" என்று ஒலிபெருக்கி மலாயில் சொல்லும்போது மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து விநாடிகள்தாம். பிராணாயாமம் பழகியவர்களுக்கும் பாராயணம் செய்கிறவர்களுக்கும் இது எளிது. மனத்துக்குள் மந்திரம் சொல்லலாம், உதடு அசையாமல்.

ஸ்கேன் முடிந்து அறிக்கை வருவதற்குள் வேறொரு கேள்வி எழும். எல்லாம் விதிப்படி என்றால் இதை எடுத்துப் பார்த்து ஆகப்போவது என்ன? இதற்கு ஆதாரமாக அப்பரின் சூலைநோயைச் சிலர் காட்டுவார்கள். மருத்துவத்தால் தீராத வயிற்றுவலி திருவதிகையில் திருநீற்றாலும் பாட்டாலும் தீர்ந்ததே என்பார்கள். அது அருள் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சி; எல்லோரும் மருந்தை விட்டுவிட வேண்டும் என்ற விதியாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் அதைச் சொல்லவில்லை. திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது திருஞானசம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகம் இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொள்கிறது. வினையின் பயன் இது என்று பேசிக்கொண்டு, தப்பும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பதைக் குறை என்றே அவர் கண்டிக்கிறார். வினைக் கொள்கையை முழுமையாக ஏற்றவரின் வாக்கு இது என்பதுதான் முக்கியம். உடம்பை முன்பு இழிவாக எண்ணியிருந்ததையும், உள்ளே இறைவன் குடியிருப்பதை அறிந்த பின் அதைப் பேணத் தொடங்கியதையும் திருமூலர் சொல்லியிருக்கிறார். 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் பெருமாள் கோயிலைச் சார்ந்து ஆதுலர் சாலை என்ற மருத்துவமனை ஒன்று நடந்தது. பதினைந்து படுக்கை, மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து தேடுவோர் எல்லாம் கல்வெட்டில் இருக்கிறார்கள். வழிபாடும் வைத்தியமும் அங்கே ஒரே வளாகத்தில் நடந்தன.

படம் எடுத்த பிறகு, அறிக்கை வருமுன், 'நல்லபடியாக வரட்டும், பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறேன்' என்று நேர்ந்துகொள்கிறவர்கள் பலர். படத்தில் இருப்பது ஏற்கெனவே பதிந்துவிட்டது. வேண்டுதல் அதை எப்படி மாற்றும் என்று கேட்கலாம். சைவ சித்தாந்தம் தரும் விடையில் நுட்பம் இருக்கிறது. முன்வினையில் நுகரத் தொடங்கிவிட்ட பங்கு உடம்பளவில் வந்தே தீரும். அருளைச் சார்ந்தவருக்கு அது உயிரைத் தாக்காமல் உடலோடு கழிந்துபோகும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற பேச்சுவழக்கு இந்த நம்பிக்கையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. ஆகவே அந்த வேண்டுதலின் இலக்கு படம் அன்று. படத்துக்குப் பிறகு வரும் சிகிச்சையும் தாங்கும் வலிமையும். நோய் நீங்க வேண்டும் என்று கேட்பதற்கும் தடை இல்லை. வலி தாங்க முடியவில்லை, விலக்கிவிடு என்றுதான் அப்பரே கேட்டார். அறிக்கையில் ஏதேனும் தென்பட்டு, மூன்று மாதத்தில் மறு ஸ்கேன் என்று எழுதியிருந்தால், பால்குட நாளைக் கோயிலில் குறிக்கும்போது அந்த நாளையும் நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும்.